காஞ்சதும் ஒரு போன் போடுங்க

புதுசா வேலைக்குச் சேந்திருக்க பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்கன்னு ஆபீஸ்ல கூப்பிட்டாங்க. கொஞ்சம் தெம்பா இருக்கட்டும்னு வேற சொல்லிவிட்டாங்க. தெம்புக்கு நான் எங்க போவேன்? வேலைய விட்டு நின்ன அன்னைக்கு என்கிட்டயே அந்தச் சரக்கு இல்ல. அதனால முன்னாடியே சொல்லிப்புடுதேன், தெம்பு வேணும்னா எந்திரிச்சுப் போய் வாசல்ல டீ குடிங்க. கேக்கணும்னு நினைக்குதவங்க உக்காந்து கேளுங்க.

ஈரம் பாக்குத மீட்டரச் சொவத்துல எப்படிக் குத்தணும், காத்துல சாம்பிள் எப்படி எடுக்கணும், அத எப்படி மூடி லேபுக்கு அனுப்பணும், இதெல்லாம் உங்களுக்கு மத்தவங்க சொல்லித் தருவாங்க. அது ஒண்ணும் பெரிய வித்தையில்ல. சொவரு என்ன சொல்லுதுன்னு நமக்கு வெரசாத் தெரிஞ்சு போகும். அத அந்த வீட்டுக்காரங்க காதுல எப்படிப் போடுததுங்கதுதான் வேலை. அதுல நான் தோத்த கதையத்தான் சொல்லப் போறேன். ஜெயிச்ச வீடும் இருக்கு. ஆனா அதெல்லாம் மறந்து போச்சு, இது மறக்க மாட்டேங்கு.

என்னைய இந்தப் பக்கம் பூசணியக்காம்பாங்க. தென்காசியில ஒரு ஆஸ்பத்திரி லேப்ல இருந்துட்டு இந்தக் கம்பெனிக்கு வந்தவ நான். வீடு வீடாப் போய் சொவத்துப் பூசணத்தச் சுரண்டிப் பாக்குத அக்கா, அதனால பூசணியக்கா. மொதல்ல கோவம் வந்துது. அப்புறம் ஆளும் அந்த அளவுக்கு வந்துட்டேன், பேரு பொருந்திப் போச்சு.

நம்ம ஊர்ல இந்த வேலைக்கு ஒரு சிக்கல் இருக்கு. மத்த ஊர்ல ஈரம்னா சனியன். இங்கன ஈரம்னா சாமி. ஆனியில மேக்க மலையில மேகம் எறங்கி சாரல் விழுந்துட்டா, துபாய்ல இருக்கவன் கூட ராத்திரி போன் போட்டு "சாரல் ஆரம்பிச்சாச்சாலே?"ன்னு கேக்குதான். குத்தாலத்துத் தண்ணி மூலிகைத் தண்ணி, குத்தாலத்துக் காத்து மூலிகைக் காத்து. அந்தக் காத்து வீட்டுக்குள்ள வந்தா சீக்கே அண்டாதுன்னு ஜன்னலத் தொறந்து போட்டுட்டு உக்காந்திருப்பாங்க. அதச் சாத்துங்கன்னு நாம சொன்னா, பெத்த தாயக் குறை சொன்ன மாதிரி மூஞ்சி மாறும்.

ஐந்தருவி ரோட்டுல ஒரு லாட்ஜ். நான் வாரேன்னு தெரிஞ்சதும் மேனேஜரு எல்லா ரூம்லயும் சாம்பிராணி போட்டு வச்சிருந்தாரு. உள்ள போனா புகை, கண்ணு எரியுது. "என்ன அண்ணாச்சி, கோயில் நடத்துதியளா, லாட்ஜு நடத்துதியளா?"ன்னேன். "சீசனுக்கு வாரவங்க இந்த வாசனைய ரொம்ப ரசிக்காவ மேடம்"னாரு. மெத்தையப் பொரட்டிப் பாத்தேன், அடியில கறுப்பா ஊர்ப் படம் வரைஞ்ச மாதிரி இருந்துது. அவரு கொஞ்சங்கூட அசரல. "அது சாரல் மேடம், ஆடி போனா சரியாப் போகும்"னாரு. நான் சிரிச்சுட்டு வந்துட்டேன். அப்பல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துது.

இன்னொண்ணு கேளுங்க. ஆடி மாசம் புது வீட்டுல பால் காய்ச்ச மாட்டாங்க. அதனால ஆடி பொறக்குததுக்கு முன்னால, ஆனியிலயே முடிச்சுப்புடணும்னு எல்லாரும் பறக்காங்க. ஆனிங்கது நல்ல சாரல் காலம். பூசின சொவரு ஈரம் போகாம நிக்கும். அதுக்கு மேலயே பட்டியப் போட்டு, பெயிண்ட அடிச்சு, வாழை மரத்தக் கட்டி, பாலப் பொங்க விட்டுட்டு, கதவச் சாத்திட்டு உள்ள குடியிருக்க ஆரம்பிச்சிருவாங்க. உள்ள போன தண்ணி பெயிண்டுக்குப் பின்னால மாட்டிக்கிட்டு வெளிய வர வழி தெரியாம நிக்கும். நான் பாத்த கெட்ட வீடுகள்ல பாதி ஆனி மாசத்து வீடுதான். முகூர்த்தத்த மாத்துங்கன்னு சொல்ல நாம யாரு?

அப்படி ஒரு ஆனி மாசத்து வீடுதான் சங்கரபாண்டியன் அண்ணாச்சி வீடு.

அவரு மிலிட்டரியில இருந்து ரிட்டயர் ஆனவரு, சொந்த ஊரு கடையம். சம்சாரம் பேரு செண்பகம், இலஞ்சிக்காரி. கல்யாணம் ஆனதுல இருந்து புருஷன் போன எடத்துக்கெல்லாம் பொட்டியத் தூக்கிட்டுக் கூடவே போனவ. கடைசியா ரொம்ப வருஷம் ராஜஸ்தான்ல. மணலும் வெயிலும்தான். அங்கன உக்காந்துக்கிட்டு, ஆனி வந்தா இலஞ்சியில இருக்க தங்கச்சிக்குப் போன் போட்டு, "ஏட்டி, போன ஜன்னலுக்கு வெளிய நீட்டு, சாரல் சத்தம் கேக்கட்டும்"பாளாம். அண்ணாச்சி அத வருஷா வருஷம் பாத்திருக்காரு. ரிட்டயர் ஆனதும் தன் ஊருக்குப் போகாம, அவ ஊருல, தென்னந்தோப்ப ஒட்டி எடம் வாங்கி வீடு கட்டினாரு. படுக்குத ரூம மேக்கால வச்சு, மலை முழுசும் தெரியுத மாதிரி பெரிய ஜன்னல். அவ படுத்தமேனிக்கே சாரலப் பாக்கணும்னு ஆசப்பட்டுக் கட்டினது.

ஆவணியில என்னையக் கூப்பிட்டாரு. "வீட்டுக்காரிக்கு இருமல் நிக்கல மேடம். திருநெல்வேலியில நெஞ்சு டாக்டரு வீட்டப் பாக்கச் சொல்லுதாரு. வீடு புதுசு, ஒண்ணும் இருக்காது. நீங்க வந்து பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாப் போதும், அவருகிட்ட காட்டிருவேன்"னாரு.

நடை ஏறுதப்பவே எனக்கு வாடை அடிச்சுது. நனைஞ்ச சாக்க மூலையில போட்டு மறந்துட்டா வருமே, அந்த வாடை. செண்பகம் சிரிச்சுக்கிட்டே வந்து "புது வீட்டு வாசனைக்கா இது"ன்னா. எனக்குக் காப்பி போட்டுக் கொண்டு வந்தா. அடுக்களையில இருந்து ஹாலுக்கு வாரதுக்குள்ள ஒரு நாற்காலியப் பிடிச்சு நின்னா. நெடுநெடுன்னு வாட்டசாட்டமான பொம்பளை. ஒரு பேச்ச முழுசாப் பேச முடியல, பாதியில மூச்சு வாங்கிட்டு மிச்சத்தச் சொல்லுவா. அந்த மிச்சத்துலயும் ஒரு கேலி இருக்கும்.

"பூசணியக்கான்னு சொன்னாவ... நான் இன்னும் பெருசா... இருப்பீங்கன்னு நினைச்சேன்."

"ஏட்டி, இரு, காப்பியக் குடிச்சிட்டு இன்னும் பெருசாகுதேன்"னேன்.

அந்த ரூம்ல மேக்குச் சொவத்த ஒட்டி மர அலமாரி பதிச்சிருந்தாங்க. தொறந்தேன். பட்டுச் சேலை மடிப்பு பூரா கறுப்புப் புள்ளி. பின்பலகையக் கழட்டச் சொன்னேன். கழட்டினா, சொவரு தெரியல. கறுப்பும் பச்சையுமா கம்பளி விரிச்ச மாதிரி பூத்திருந்துது. மீட்டரக் குத்துன எடமெல்லாம் கத்துச்சு. மேக்க இருந்து அடிக்குத சாரல் வெளிப்பூச்சு வழியா உள்ள எறங்கியிருக்கு, கட்டும்போது நின்ன ஈரமும் உள்ளயே இருக்கு. அது போதாதுன்னு இவ பகல் பூரா ஜன்னலத் தொறந்து வச்சு மூலிகைக் காத்து வாங்கியிருக்கா. கட்டில் தலைமாடு அந்தச் சொவத்துலதான்.

அண்ணாச்சி விறைச்சுப் போய் நின்னாரு. "காயுமா, காயாதா? நேராச் சொல்லுங்க"ன்னாரு.

"காயும் அண்ணாச்சி. பூச்ச உரிச்சுட்டு, வெயில் காலத்துல காய விடணும். வெளிய பூசி அடைச்சுட்டு அப்புறம் உள்ள வேலை. ஆனா அதுவரைக்கும் இவிய இங்கன இருக்கக்கூடாது. ஒரு நாளும் கூடாது. சங்கரன்கோவில் பக்கம், வறண்ட எடமாப் பாத்து வாடகைக்குப் போங்க."

அப்பத்தான் வாசப்படியில நின்ன பொம்பளையப் பாத்தேன். அண்ணாச்சியோட அக்கா, செண்பகத்துக்கு மதினி. கடையத்துல இருந்து தம்பி பொண்டாட்டியப் பாக்க வந்தவ. முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு, "அப்ப வீடு ஆகாதுங்கியளா தாயி?"ன்னா.

இந்த வார்த்தையத்தான் நீங்க கவனிக்கணும். கத்திரிக்கா எனக்கு ஆகாதும்போம், ஒடம்புக்குச் சேராதுன்னு அர்த்தம். வீடு ஆகாதுன்னா அது வேற. ராசியில்லாத வீடு, கால் வச்சவங்களத் தின்னுப்புடும்னு அர்த்தம். ஒரே வார்த்தைதான், ஆனா அது போய் விழுத எடம் வேற வேற.

"ஆகாதுன்னு நான் சொல்லல. சொவரு நனைஞ்சிருக்கு, அவ்வளவுதான். நனைஞ்ச துணியப் போத்திக்கிட்டுப் படுப்பியளா?"ன்னேன். அந்த அக்கா தலைய ஆட்டினா. ஆனா முகத்துல இருந்த பயம் போகல.

செண்பகம் என்னையத் தனியா அந்த ஜன்னல் பக்கம் கூட்டிட்டுப் போனா. மக பெங்களூர்ல வேலை பாக்குதா, சம்பந்தம் பேசி முடிஞ்சாச்சு, ஐப்பசியில இந்த வீட்டுலதான் நிச்சயம். "பால் காய்ச்சுன வீட்டப் பூட்டிட்டு... வாடகைக்குப் போனா... மாப்பிள்ளை வீட்டுல என்ன நினைப்பாவ? நிச்சயம் முடியட்டும்க்கா. மறுநாளே போயிருதேன்."

"ஏட்டி, நிச்சயத்துக்கு நீ இருக்கணும்லா"ன்னேன். கடுமையாத்தான் சொன்னேன். அவ என் கையத் தட்டிச் சிரிச்சா. நான் இருப்பேன்க்கான்னா.

ஆபீசுக்கு வந்து அழுத்தமா எழுதிக் குடுத்தேன். டாக்டருக்கும் போன் போட்டுச் சொன்னேன். அவரும் வீட்ட விட்டுப் போகச் சொன்னாராம். எங்க பழைய முதலாளி ஒரு வார்த்தை சொன்னாரு: "நம்ம வேலை பாத்துச் சொல்லுதது. கேக்க வைக்குதது நம்ம வேலையில்ல." நீங்களும் இதக் கேப்பீங்க. ஒவ்வொருத்தனும் சொல்லுவான். சவத்தத் தள்ளு, அது உண்மைதான், எனக்கும் தெரியும். ஆனா அந்த உண்மைய வச்சுக்கிட்டு ஒரு பொம்பளை மூச்சு வாங்குததப் பாத்துக்கிட்டு இருக்க முடியல.

புரட்டாசியில நானாத்தான் போனேன், யாரும் கூப்பிடல. போனா, வீடு பளபளன்னு இருக்கு. சொவரத் துடைச்சு, கடையில ஈரத்துக்குன்னே விக்குத பெயிண்ட வாங்கி மேல அடிச்சிருக்காங்க. அலமாரிக்குப் பின்பலகை புதுசு. அண்ணாச்சி குழந்தை மாதிரி என்னையக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் காட்டினாரு. "பாருங்க மேடம், ஒரு புள்ளி இருக்கா? நானே நின்னு அடிக்க வச்சேன்."

சொவரு வெள்ளை. மீட்டரு அதே கத்து. கட்டில்ல செண்பகம், மாத்திரையில முகம் வீங்கி, கன்னத்துல நிறமில்லாம. ரத்தத்துல ஆக்சிஜன் பாக்க விரல்ல மாட்டுத கருவி பக்கத்துலயே கெடந்துது. என்னையப் பாத்ததும் எந்திரிக்கப் பாத்தா, முடியல.

எனக்கு வந்துதே ஒரு ஆத்திரம். "கோட்டி பிடிச்சிருக்கா உங்களுக்கு? அழுக்குக்கு மேல வெள்ளையடிச்சா அழுக்கு போயிருமா? ஆளக் கூட்டிட்டுப் போங்கன்னா சொவத்துக்குப் பவுடர் போட்டுட்டு நிக்கீங்க!" அண்ணாச்சி தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. எத்தனையோ பேருக்கு உத்தரவு போட்ட மனுஷன், என் முன்னால அப்படி நிக்கவும் எனக்கே கஷ்டமாப் போச்சு.

அடுக்களையில கடையத்து அக்கா அழுதுக்கிட்டு இருந்தா. அவள ஒண்ணும் சொல்லிராதீங்க, சொந்த மகளப் பாக்குத மாதிரி தம்பி பொண்டாட்டியப் பாத்தவ அவ. என் கையப் பிடிச்சுக்கிட்டா. "உள்ளதச் சொல்லுங்க தாயி. மீட்டரு கீட்டரு எனக்குத் தெரியாது. இந்த வீடு என் தம்பி பொண்டாட்டிக்கு ஆகுமா, ஆகாதா?"

இங்கனதான் பிள்ளைகளா, நான் நின்ன எடம். சொவரு, ஈரம், பூசணம்னு இத்தன நாளு சொல்லியாச்சு. டாக்டரும் சொல்லியாச்சு. யாருக்கும் பயம் வரல. அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் பயம் இருக்கு. அதச் சொன்னா இன்னைக்கே பொட்டியக் கட்டுவாங்க. சொன்னா நான் படிச்ச படிப்பு என்னாகுது, நாளைக்கு என் பேரு என்னாகுதுன்னெல்லாம் ஒரு நிமிஷம் ஓடிச்சு. ரூமுக்குள்ள அவ இருமுத சத்தம் கேட்டுது.

"ஆமா. ஆகாது"ன்னேன். "இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க."

அந்த அக்கா கண்ணத் தொடச்சுட்டு நேரா ரூமுக்குப் போய் பைய எடுத்துத் துணிய வைக்க ஆரம்பிச்சா. கடையத்துக்கு எங்கூட வா, தை வரைக்கும் இருன்னா. செண்பகமும் தலைய ஆட்டினா. நான் பாத்தேன், என் கண்ணால பாத்தேன். வீட்டுக்கு வந்து நிம்மதியா உறங்கினேன்.

அதச் சொன்னது தப்புன்னு நான் இன்னைக்கும் சொல்ல மாட்டேன். சரின்னும் என்னால சொல்ல முடியல.

ஐப்பசி பொறந்து மழை பிடிச்சுக்கிட்டுது. கடையத்துல எப்படி இருக்காளோன்னு போன் போட்டேன். அவளே எடுத்தா.

"நான் இங்கன... இலஞ்சியிலதான்க்கா இருக்கேன். எல்லாம் சரி பண்ணியாச்சு. வாஸ்து பாக்குதவர... மதினி கூட்டிட்டு வந்தாவ. கொறை எதுன்னு... கண்டுபிடிச்சு கழிச்சாச்சு."

ஆட்டோவப் பிடிச்சு ஓடினேன்.

ரூமுக்குள்ள போனதும் எனக்குத் தெசையே புரியல. அப்புறம்தான் தெரிஞ்சுது, ஜன்னல் இல்ல. மேக்கால ஜன்னலத்தான் ஆகாதுன்னு அந்த வாஸ்துக்காரரு சொல்லியிருக்காரு. செங்கல் வச்சு அடைச்சு, பூசி, மழையோட மழையாப் பெயிண்டும் அடிச்சாச்சு. நிச்சயத்துக்கு வீடு ரெடி. காத்து வர ஒரு வழியில்ல, புதுப் பூச்சு ஈரம் வேற, அந்தப் பொட்டிக்குள்ள அவள படுக்க வச்சிருக்காங்க. வாடை மூக்க அறுக்குது. அவ அந்தப் பக்கமே பாத்துப் படுத்திருந்தா, ஜன்னல் இருந்த பக்கம்.

"மலை தெரியலக்கா... அது ஒண்ணுதான்"ன்னா.

நான் அண்ணாச்சி சட்டையப் பிடிக்காத கொறைதான். "யாரக் கேட்டு அடைச்சீங்க? கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னேன், ஜன்னல அடைங்கன்னா சொன்னேன்?"

அவரு என்னைய நிமிந்து பாத்தாரு. கோவமே இல்ல. "நீங்கதானக்கா ஆகாதுன்னு சொன்னீங்க. ஆகாததச் சரி பண்ணினோம்"னாரு. அதுவரைக்கும் மேடம்னு கூப்பிட்டவரு, அன்னைக்குத்தான் அக்கான்னாரு.

சொவரு நனைஞ்சிருக்குன்னு சொன்னேன், சொவத்துக்கு வெள்ளையடிச்சாங்க. வீடு ஆகாதுன்னு சொன்னேன், வீட்டுக்குப் பரிகாரம் பண்ணினாங்க. ரெண்டு தடவையும் நான் அவளத்தான் சொன்னேன், அவங்க வீட்டத்தான் கேட்டாங்க. அவங்க அவள அசட்டை பண்ணினாங்கன்னு நினைச்சிராதீங்க. அந்த வீட்டுல அவ மேல பிரியமில்லாத ஆளு ஒருத்தருமில்ல. அதுதான் எனக்குப் பொறுக்கல. எவனாவது ஒரு படுபாவி இருந்திருந்தா அவனத் திட்டிட்டு நான் பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருப்பேன்.

அவ விரல்ல கருவிய மாட்டிப் பாத்தேன், அளவு ரொம்பக் கீழ எறங்கிக் கெடந்துது. அத அண்ணாச்சிகிட்டக் காட்டினேன். உடனே காருக்குச் சொன்னாரு.

கார்ல ஏத்தும்போது மழை தூறிக்கிட்டு இருந்துது. அவ ஏறாம நின்னு, முகத்த நிமித்தி அந்தத் தூத்தலக் கொஞ்ச நேரம் வாங்கினா. கடையத்து அக்கா குடையப் பிடிக்கப் போனா, வேண்டாம்னு தள்ளிவிட்டா. அப்புறம் என்னையப் பக்கத்துல கூப்பிட்டா.

"நீங்க சொல்லுத மாதிரியே... செய்யச் சொல்லுதேன்க்கா. உரிச்சுப் போடட்டும், ஜன்னலத் தொறக்கட்டும். காஞ்சதும்... ஒரு போன் போடுங்க. மறுநாளே வந்துருதேன்."

"போடுதேன்ட்டி"ன்னேன்.

"மறந்துராதீங்க. போயிட்டு வாரேன்."

வரல. ஆஸ்பத்திரியில வச்சே மார்கழி பொறந்துது, அந்த மாசத்துலயே போயிட்டா. நிச்சயத்த திருநெல்வேலியில ஒரு சின்ன ஹால்ல நடத்தி, படத்தக் கொண்டு போய் ஆஸ்பத்திரியில அவகிட்டக் காட்டினாங்களாம். நுரையீரல் தழும்பு பிடிச்சுப் போச்சுன்னாரு டாக்டரு. அதுல அந்த வீடு எவ்வளவு, முன்னாடியே இருந்தது எவ்வளவுன்னு அவரால பிரிச்சுச் சொல்ல முடியல. நானும் கேட்டுப் பாத்தேன். எனக்கு ஏதாவது ஒரு பதில் வேணும்னு இருந்துது.

இதுக்கு மேல நடந்ததுதான் கூத்து. இலஞ்சி பூரா, தென்காசி பூரா பேச்சு: "பூசணியக்கா அப்பவே சொன்னாவல்லா, வீடு ஆகாதுன்னு." என் பேரு எங்கயோ போயிட்டு. நம்ம ஆபீசுக்குப் போன் மேல போன். போற வீட்டுலயெல்லாம் எனக்குச் செம்புல தண்ணி குடுத்து, கும்பிட்டு, "வீடு ஆகுமா ஆகாதான்னு மட்டும் சொல்லுங்கம்மா"ன்னு நிக்காங்க. ஒருத்தரு எலுமிச்சம்பழம் கூட வச்சிருந்தாரு. நான் மீட்டர எடுத்தா, அது எதுக்கும்மா, உங்க வாக்குப் போதும்ங்காங்க. எனக்கு அழுகையும் வந்துது, சிரிப்பும் வந்துது. அதுக்கப்புறம் இந்த வேலை எனக்கு ஓடல. ரிட்டயர்மெண்ட்டுக்குக் காத்துக்கிட்டுக் கெடந்தேன்.

உங்கள்ல ஒரு பிள்ளை கேக்கும், அப்ப என்னதான் சொல்லியிருக்கணும்னு. தெரியாதும்மா. தெரிஞ்சா இத்தன நேரம் கத சொல்லிக்கிட்டு இருப்பேனா? ஒண்ணு மட்டும் சொல்லுதேன். நீங்க சொன்னத அவங்க என்னன்னு கேட்டாங்கன்னு, போகுததுக்கு முன்னால அவங்க வாயாலயே ஒருக்காச் சொல்ல வச்சுக் கேளுங்க. அப்படிக் கேட்டாலும் பல வீட்டுல தோத்துத்தான் வருவீங்க. ஆனா எங்கன தோத்தோம்னாவது தெரியும்.

நான் வேலைய விட்டு நிக்குததுக்கு முன்னால, வைகாசி கடைசியில, சங்கரபாண்டியன் அண்ணாச்சி போன் போட்டாரு. "ஒருக்கா வந்து பாருங்கக்கா"ன்னாரு.

போனேன். அந்த ரூம அவரு கையாலயே பூரா உரிச்சுப் போட்டிருந்தாரு. பெயிண்ட் இல்ல, பட்டி இல்ல, அலமாரி இல்ல. செங்கல் செங்கலாச் சொவரு நிக்குது. அடைச்ச ஜன்னல இடிச்சுத் தொறந்திருந்தாரு, கதவு வைக்கல, சும்மா ஓட்டையா மலை தெரியுது. வெயில் காலம் பூரா ரூம் கதவையும் தொறந்து போட்டு, காத்தாடியப் போட்டுக் காய வச்சிருக்காரு. அவரு மட்டும் ஹால்ல ஒரு பாய்ல படுத்திருக்காரு. வெளிய பூசி அடைக்குதது மட்டும்தான் பாக்கி, மத்தபடி நான் சொல்லிக் குடுத்த வேலை ஒண்ணு விடாமச் செஞ்சிருந்தாரு.

மீட்டர எடுத்தேன். மேல, கீழ, மூலை, ஜன்னல் ஓரம், ஒரு எடம் விடாமக் குத்தினேன். அது கத்தல. எந்த எடத்துலயும் கத்தல. ஒரு தடவையாவது கத்திராதான்னு இருந்துது எனக்கு.

"காஞ்சிருச்சாக்கா?"

"காஞ்சிருச்சு அண்ணாச்சி."

"நல்லாக் காஞ்சிருச்சா?"

"நல்லாவே காஞ்சிருச்சு."

அவரு சட்டைப் பையில இருந்து ஒரு போன எடுத்தாரு. செண்பகத்தோட போன். சார்ஜ் போட்டு வச்சிருந்தாரு. "அவகிட்டச் சொல்லியிருந்தீங்கள்லாக்கா, காஞ்சதும் போன் போடுதேன்னு"ன்னாரு.

அண்ணாச்சின்னேன். அவரு முகத்தப் பாத்தேன். புத்தி பெரண்ட முகமில்ல அது. நல்லாத் தெரிஞ்சுதான் கேக்குதாரு.

என் போன்ல அவ பேரு இன்னும் இருந்துது. போட்டேன். அவரு கையில அது அடிச்சுது. அவரு எடுக்கவும் இல்ல, நிப்பாட்டவும் இல்ல. அது அடிச்சு ஓயுத வரைக்கும் ரெண்டு பேரும் அந்த ஓட்டை வழியா மலையப் பாத்துக்கிட்டு நின்னோம். மேக்கால மேகம் எறங்கிக்கிட்டு இருந்துது. இன்னும் கொஞ்ச நாள்ல சாரல் விழுந்துரும், அந்தச் சொவரு திரும்ப நனையும்.